ஓரத்தில் எழுதிய வரி

எங்கள் கருத்தரிப்பு மருத்துவமனையில் எனக்கு ஃபாரம் அக்கா என்று பெயர். வைத்தவர்கள் நக்கலாகத்தான் வைத்தார்கள். நான் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டேன். இருபத்தாறு வருடமாக அதே அறை, அதே மேசை. குழந்தை வேண்டி வருகிற தம்பதிகள் டாக்டரைப் பார்த்துவிட்டு என்னிடம் வருவார்கள். என்ன செய்யப்போகிறோம், எது நடக்கலாம், எது நடக்காமலே போகலாம், மிச்சமாகும் கருக்களை என்ன செய்வது என்றெல்லாம் விளக்கிச் சொல்லி ஒப்புதல் வாங்குவது என் வேலை. உட்கார்ந்ததும் பேனாவைத் தேடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. வீட்டை விற்றாலும் இப்படித்தான் படிக்காமல் கையெழுத்துப் போடுவீர்களா என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிடுவேன்.

அங்கே நானாகவே ஒரு வழக்கம் கொண்டுவந்திருந்தேன். என் மேசையில் யாரும் முதல் நாளே கையெழுத்துப் போடக் கூடாது. படிவத்தை நகல் எடுத்துக் கொடுப்பேன். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்து, படிக்க வேண்டியதைப் படித்து, போட வேண்டிய சண்டையை அங்கேயே போட்டு முடித்துவிட்டு வர வேண்டும். அப்புறம்தான் அசலில் கையெழுத்து. வருகிறவர்களை இப்படி விரட்டினால் எப்படி என்று மேலாளர் முணுமுணுப்பார். நான் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டேன். என் கையால் போன படிவம் ஒன்றுகூட எங்கிருந்தும் திரும்பி வந்ததில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

ஒன்றே ஒன்று திரும்பி வந்தது. அது என் தங்கையுடையது.

தங்கைக்கு ஒரே மகள். வீட்டில் எல்லோருக்கும் அவள் ஜட்ஜம்மா. நாலு வயதிலேயே யார் எதைச் சொன்னாலும் குறுக்கே நிறுத்தி, நேற்று வேறு மாதிரி சொன்னீர்களே என்று கேட்பாள். வாய்க்கு இருந்த பலம் உடம்புக்கு இல்லை. அவள் தசைகள் ஒவ்வொன்றாகக் கையை விரித்துக்கொண்டிருந்தன. முதலில் ஓடுவது நின்றது, அப்புறம் படி ஏறுவது, அப்புறம் எழுந்து நிற்பது. அப்பா பக்கம் பழுதான மரபணு ஒன்றும் அம்மா பக்கம் ஒன்றுமாகச் சேர்ந்து வருகிற நோய். மருந்து கிடையாது என்று டாக்டர்கள் மரியாதையாகச் சொன்னார்கள்.

இரண்டாவது குழந்தைக்காகத் தங்கையும் அவள் கணவரும் எங்கள் மருத்துவமனைக்கே வந்தார்கள். உடம்புக்கு வெளியில், ஆய்வகத்தில், ஏழு கருக்கள் உருவாகின. சோதித்துப் பார்த்ததில் மூன்றில் நோய் இல்லை, நான்கில் இருந்தது. நோய் இல்லாத மூன்றையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். மூன்றும் தங்கவில்லை. நோய் உள்ள நான்கு மட்டும் குளிரில் உறைந்து மிச்சமிருந்தன. வேண்டாமென்று அழித்துவிடலாம், அல்லது ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம். இரண்டே வழிதான்.

முறைப்படி சொந்தத் தங்கையின் படிவத்தை நான் தொட்டிருக்கவே கூடாது. அப்படி ஒரு விதி எங்கள் மருத்துவமனையில் எழுதப்படவில்லை என்பது ஒரு சாக்கு. வேறு யாரோ அவளிடம் இதை விளக்குவதை என்னால் தாங்க முடியாது என்பதுதான் உண்மை. ஆராய்ச்சிக்குக் கொடுத்தால் அந்தக் கருவிலிருந்து எடுக்கிற செல்களுக்குள்ளேயே நோய் இருக்கும், அவற்றைத் தசையாக வளர்த்து, நோய் எங்கே தொடங்குகிறது, எதைக் கொடுத்தால் நிற்கிறது என்று பார்ப்பார்கள், இப்படிப்பட்ட செல்கள் கிடைப்பதே அபூர்வம் என்று சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். மாப்பிள்ளை வழக்கம்போலச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த நாலும் அவ மாதிரியேதானேக்கா. அவகூடப் பிறக்க வேண்டியதுங்க. யாருக்கோ எவருக்கோ தூக்கிக் குடுக்க எனக்கு மனசு வரல. அவளுக்கு உதவும்னா குடுக்கறேன்."

அப்படி யாரும் வாக்குக் கொடுக்க முடியாது என்று சொல்ல வேண்டிய இடம் அது. மற்றவர்களிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு எந்தப் பலனும் கிடைக்காது என்று அச்சடித்த வரியே நாலாம் பக்கத்தில் இருக்கிறது. அதை விரலால் தொட்டுக் காட்டுவது என் வழக்கம். அன்றைக்கு விரல் போகவில்லை. அவள் மூன்று முறை இழந்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தாலாவது தண்ணீர் கொடுத்துச் சமாளித்திருப்பேன்.

படிவத்தைத் திருப்பி, அந்த நாலாம் பக்கத்து ஓரத்தில் என் பேனாவால் எழுதினேன். 'இவற்றிலிருந்து மருந்து ஏதும் கிடைக்குமானால் அது முதலில் இத்தம்பதியரின் மகளுக்கே தரப்படும்.' கீழே சுருக்கொப்பம் போட்டேன். போதாக்குறைக்கு மருத்துவமனையின் வட்ட முத்திரையையும் எடுத்துக் குத்தினேன். அந்த முத்திரையைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது. ஆறுதலுக்கு எழுதிய ஒரு வரி, யாரைப் புண்படுத்தப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து வந்து கையெழுத்துப் போட்டார்கள்.

அதெல்லாம் ஒன்பது வருடத்துக்கு முன்பு.

நான்கு கருக்களில் மூன்றிலிருந்து ஒன்றும் எடுக்க முடியவில்லை. நாலாவது பிழைத்தது. ஒரு சிட்டிகை செல்கள் பெருகிப் பெருகி, பங்கு பிரித்துப் பங்கு பிரித்து, தட்டு தட்டாக வளர்ந்தன. ஆராய்ச்சிக்கூடத்தில் அதற்குப் பதினேழாம் நம்பர் என்று பெயர். அங்கே தலைவராக இருந்தவரை எல்லோரும் புரொபசர் என்பார்கள். ஒல்லியான மனிதர், மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டு மாலையில் ஞாபகம் வந்து சாப்பிடுகிறவர். ஒருமுறை என்னை அழைத்துப்போய் நுண்ணோக்கியில் காட்டினார். தட்டில் நீளநீளமாகத் தசை நார்கள் படுத்துக்கிடந்தன. திடீரென்று ஒன்று சுருங்கி விரிந்தது. எங்கள் வீட்டுப் பிள்ளை என்று வாய்வரை வந்ததை மென்று முழுங்கிவிட்டேன்.

அந்தக் கூடம் ஒரு வேடிக்கை. அந்தக் காலத்தில் கருவிலிருந்து எடுத்த செல்களுக்கு அரசாங்கம் சல்லிக்காசு தராது என்று சட்டம். மற்ற ஆராய்ச்சிக்குத் தரும். அதனால் ஒரே அறையின் நடுவில் தரையில் மஞ்சள் நாடா ஒட்டியிருந்தார்கள். இந்தப் பக்கம் அரசாங்கத்துச் சாமான், அந்தப் பக்கம் ஓர் அறக்கட்டளை வாங்கிக் கொடுத்த சாமான். இரண்டு நுண்ணோக்கி, இரண்டு குளிர்பெட்டி, இரண்டு குப்பைக்கூடை. அரசாங்கத்துப் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு நாடாவைத் தாண்டிய ஒரு பெண்ணைக் கூப்பிட்டு விளக்கம் எழுதி வாங்கினார்களாம். புரொபசர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் பேச்சோடு பேச்சாக நாடாவை ஒட்டித் தன் செருப்பைச் சரிசெய்துகொண்டார்.

போன வருடம் சட்டம் மாறியது. கருவின் ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கும் அரசாங்கம் பணம் தரும் என்று அறிவித்தார்கள். கூடத்தில் நாடாவை உரித்து எடுத்துக் கொண்டாடினார்களாம். அறக்கட்டளைக்காரர்கள் அதற்கு மேல் சந்தோஷப்பட்டு, இனி அரசாங்கமே பார்த்துக்கொள்ளும் என்று மெல்லக் கம்பி நீட்டிவிட்டார்கள். அரசாங்கமோ எல்லாச் செல்களுக்கும் தருவதாகச் சொல்லவில்லை. முறையாக ஒப்புதல் வாங்கிய செல்களை மட்டும் ஒரு பட்டியலில் சேர்ப்பார்கள். பட்டியலில் இருந்தால் பணம், இல்லாவிட்டால் பணமில்லை. கரு கொடுத்தவர்களுக்கு எந்த ஆசையும் காட்டியிருக்கக் கூடாது, இன்னாருக்குத்தான் பயன்பட வேண்டும் என்று நிபந்தனை இருக்கவும் கூடாது. நல்ல விதிதான். நானே எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

கூடத்திலிருந்து அந்தப் பட்டியலுக்காகப் பதினொரு நம்பர்களின் படிவங்கள் போயின. பத்து தேறின. பதினேழாம் நம்பரின் படிவம், நாலாம் பக்கத்தில் சிவப்புக் கொடி ஒட்டித் திரும்பி வந்தது.

புரொபசர் என்னைத் தேடி மருத்துவமனைக்கே வந்தார். கோபமாகப் பேசுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், அதில் எனக்குக் குறைச்சல் இல்லை. அவரோ களைத்துப்போயிருந்தார். அந்தச் செல்களின் மேல் போட்ட ஒரு மருந்து தசை நார்களைச் சாகவிடாமல் வைத்திருக்கிறது, இன்னும் இரண்டு வருட வேலை இருக்கிறது, இப்போது நிறுத்தினால் யாரும் முதலிலிருந்து தொடங்கப்போவதில்லை என்றார். வேறு நம்பரில் செய்யக் கூடாதா என்று கேட்டேன். வேறு எதிலும் இந்த நோய் இல்லை. படிவங்களைச் சரிபார்க்கிற அரசாங்கக் குழு என்னை நேரில் கூப்பிடப்போகிறது என்றார்.

"முன்னால எழுதினதா இருந்தா அது நிபந்தனை. கையெழுத்தெல்லாம் முடிஞ்ச பிறகு, அக்கா தங்கச்சிக்கு ஆறுதலா எழுதினதா இருந்தா, அது வெறும் குறிப்பு. குழு அதக் கண்டுக்காது." மேசையைப் பார்த்தபடியே சொன்னார். "எது நடந்ததுன்னு எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்ல."

அவர் போய்விட்டார். இருபத்தாறு வருடத்தில் நான் பொய் சொன்னதில்லை என்று சொல்ல மாட்டேன். என் மேசையில் சொன்னதில்லை. ஆனால் ஜட்ஜம்மாவுக்குப் பதின்மூன்று வயதாகிவிட்டது. இப்போது வலது கை மட்டும்தான் மேசை உயரத்துக்கு எழும்புகிறது. பொய் சொல்வது என்று அன்று மாலையே முடிவெடுத்துவிட்டேன். அதில் எனக்கு இப்போதும் வெட்கமில்லை. என் வெட்கம் வேறு.

தங்கையையும் கூப்பிட்டிருந்தார்கள். கையெழுத்து அவளுடையதுதானா என்று அடையாளம் காட்டினால் போதும், வேறொன்றும் கேட்க மாட்டார்கள் என்று புரொபசர் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை தனக்கு எதுவும் ஞாபகமில்லை என்று கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனாலும் தங்கையிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன்.

சன்னலோரம் சக்கர நாற்காலியில் ஜட்ஜம்மா உட்கார்ந்திருக்க, பின்னால் நின்று தங்கை தலை பின்னிக்கொண்டிருந்தாள். தலை சாயாமல் இருக்க நெற்றிக்கு ஒரு பட்டை கட்டியிருந்தார்கள். கழுதை மாதிரி கனக்கிறது இந்தத் தலை, உள்ளே முழுக்கக் கேள்வி என்று தங்கை சொன்னாள். மகள் அதற்கும் ஒரு திருத்தம் சொன்னாள். மூவரும் சிரித்தோம். நான் டீ குடித்தேன், மின்தூக்கி பழுதானதைப் பற்றிப் பேசினேன், மாப்பிள்ளையின் புது மேலதிகாரியைத் திட்டினேன். சொல்ல வந்ததை மட்டும் சொல்லவில்லை.

ஏனென்றால் அதைச் சொல்ல வேண்டுமானால் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். அந்த வரி வெறும் மை என்று சொல்ல வேண்டும். யாரும் அதைக் காப்பாற்ற வேண்டியதில்லை, காப்பாற்றவும் முடியாது, எழுதும்போதே எனக்கு அது தெரியும் என்று சொல்ல வேண்டும். ஒன்பது வருடமாக அவள் அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் காலையில் எழுந்திருக்கிறாள். அக்கா எழுதிக் கொடுத்திருக்கிறாள், முத்திரை வேறு குத்தியிருக்கிறாள்.

புறப்படும்போது வாசல்வரை வந்தாள். "அங்க என்ன கேட்பாங்கக்கா? நான் என்ன சொல்லணும்?"

ஜட்ஜம்மா உள்ளேயிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் இல்ல. உள்ளத உள்ளபடி சொல்லு," என்றேன். அந்த மூன்று வார்த்தையை இன்றைக்கும் நாக்கைக் கடித்துக்கொண்டு நினைத்துப் பார்க்கிறேன்.

விசாரணை ஒரு பழைய அலுவலகத்தின் மூன்றாம் மாடியில். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவிலிருந்த அம்மாளுக்கு என் வயது இருக்கும். படிவத்தை வைத்திருந்த விதத்திலேயே அவளும் என்னைப் போன்றவள்தான் என்று தெரிந்தது. ஓரம் கசங்காமல், இரண்டு விரலால் பிடித்திருந்தாள். நல்ல படிவம், இவ்வளவு சுத்தமாக யாரும் அனுப்புவதில்லை என்றாள். அந்த நிலையிலும் எனக்குப் பெருமையாக இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரியை எப்போது எழுதினேன் என்று கேட்டாள். கையெழுத்து முடிந்த மறுநாள், தங்கை அழுதுகொண்டு வந்தாள், மனது கேட்காமல் எழுதினேன், தப்புதான் என்று சொன்னேன். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அவள் என்னை உற்றுப் பார்த்தாள். நம்ப விரும்பினாள் என்று நினைக்கிறேன். எழுதிக்கொண்டு, வெளியில் காத்திருக்கச் சொன்னாள்.

தாழ்வாரத்துக்கு நான் வெளியே வர, தங்கை உள்ளே போனாள். பிள்ளைக்காகத் தைத்த துணிப்பையைத் தோளில் மாட்டியிருந்தாள். இரண்டு நிமிடத்து வேலை என்று எண்ணிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். பத்து நிமிடம் ஆயிற்று. உள்ளேயிருந்து ஒருவர் வெளியே வந்து, நகல் எடுக்கும் இயந்திரத்தில் ஒரு தாளை வைத்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

தங்கை வெளியே வந்தாள். முகம் அப்படி ஒரு பிரகாசம். என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த வரிய நீ அப்புறமா எழுதினதா யாரோ சொல்லியிருக்காங்கக்கா. உன் வரிய ஒண்ணும் இல்லாம ஆக்கப் பார்க்கறாங்க. நான் விடுவேனா? அத எழுதின பிறகுதான் நாங்க கையெழுத்தே போட்டோம்னு அடிச்சுச் சொல்லிட்டேன். ஆதாரமும் காட்டிட்டேன்."

பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே நாலாக மடித்த தடத்தோடு படிவத்தின் நகல். வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்துப் படிக்க நானே எடுத்துக் கொடுத்த நகல். ஓரத்தில் என் கையெழுத்தில் அந்த வரி. அதன் மேல் வட்ட முத்திரை. கீழே அவர்கள் இருவரும் கையெழுத்துப் போட வேண்டிய கட்டங்கள் காலியாக இருந்தன.

யாரையும் அவசரப்படுத்தக் கூடாது என்று நான் கொண்டுவந்த வழக்கம், நான் சொன்ன பொய்யை என் கண் முன்னால் மடக்கிப் பிடித்துவிட்டது. பல வருடமாக எல்லோருக்கும் கொடுத்தேன், இவளுக்கும் கொடுத்தேன். கொடுத்ததே எனக்கு மறந்துபோயிருந்தது.

நடு நாற்காலி அம்மாள் கதவு வரை வந்தாள். இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போகவில்லை, ஆவணம் தங்கை சொன்னதைத்தான் காட்டுகிறது, முடிவு கடிதத்தில் வரும் என்றாள். என்னைப் பார்த்துக் கோபப்படவில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

தங்கை என் முகத்தைப் பார்த்தாள். "என்னக்கா? நல்லதுதானே நடந்துச்சு?"

அப்போதுதான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருக்க வேண்டியதை, அதற்கும் முன்னால் ஒன்பது வருடம் முழுக்கச் சொல்லியிருக்க வேண்டியதை, அந்த மர பெஞ்சில், வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்க்கச் சொன்னேன். அந்த வரிக்கு மதிப்பில்லை. அந்த வரி இருப்பதால்தான் பணம் கிடையாது. பின்னால் எழுதியதாகச் சொன்னது நான்தான். பணம் இல்லாவிட்டால் பதினேழாம் நம்பர் திரும்பவும் குளிர்பெட்டிக்குப் போகும்.

அவள் உறையை மடியில் வைத்துக்கொண்டு அதன் விளிம்பை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள். பிறகு பேசினாள். சத்தம்கூட உயரவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் பின்னாலதான் எழுதினதுன்னு சொல்லியிருப்பேனேக்கா. இந்த வரிய வச்சு நான் என்ன பண்ணப்போறேன்? எனக்கு அவ கை எழும்பினா போதாதா?"

கடிதம் பன்னிரண்டு நாளில் வந்தது. பட்டியலில் சேர்க்க முடியாது என்று இரண்டு வரிதான். புரொபசர் படித்துவிட்டு, பதினேழாம் நம்பரைத் தானே குளிர்பெட்டியில் இறக்கி வைத்ததாகச் சொன்னார்.

தங்கை என்னோடு பேசாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன், டீ தருகிறாள். போன வாரம் ஜட்ஜம்மாவுக்கு நான் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். வலது கையும் இப்போது மேசைக்கு எழும்புவதில்லை. அவளிடம் இன்னும் யாரும் முழுசாகச் சொல்லவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். வாயில் இருந்ததை மென்று முடித்துவிட்டுக் கேட்டாள்.

"பெரியம்மா, அந்த வரிய எழுதறப்போ அது நடக்காதுன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"தெரியும்," என்றேன்.

அவள் தலையாட்ட முயன்றாள். நெற்றிப்பட்டை விடவில்லை. "சரி. அடுத்த வாய் குடுங்க," என்றாள்.